படமாகப் போட்ட எழுத்து

எங்கள் வலைத்தளத்தில் இன்று மிஞ்சியிருப்பது என் பெயர் மட்டும்தான்.

போன டிசம்பரில் ஒரு ராத்திரி, பழைய வலைப்பக்கங்களைச் சேர்த்துவைக்கிற ஆவணக் காப்பகம் ஒன்றில் அந்த முகவரியைத் தட்டிப் பார்த்தேன். இருபது வருஷம் ஆகியும் விரலுக்கு முகவரி மறக்கவில்லை. பக்கம் திறந்தது. வெளிர்பச்சைப் பின்னணி. உச்சியில் வலமிருந்து இடமாக ஓடும் 'வெல்கம்'. இடது ஓரத்தில் எட்டுப் பொத்தான்கள். ஒவ்வொன்றாக அழுத்தினேன். எட்டிலும் ஒரே காட்சி: நடுவில் பெரிய வெள்ளைக் கட்டம், அதன் மூலையில் கிழிந்த படத்தின் சின்னம். அடியில், ஆங்கிலத்தில், 'வடிவமைப்பு' என்று போட்டு என் பெயர், இனிஷியல், ஊர், மின்னஞ்சல்.

என்ன நடந்திருக்கிறது என்பது உடனே புரிந்தது. காப்பகத்தின் நிரல் பக்கத்தின் எச்டிஎம்எல்லை எடுத்திருக்கிறது, படங்களை எடுக்கவில்லை. அந்தக் காலத்துப் பக்கங்களில் இது சகஜம். நாங்கள் இடம் வாங்கியிருந்த இலவசத் தளமும் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. எழுத்தாக இருந்தது தப்பித்தது. படமாக இருந்தது போய்விட்டது.

எட்டுப் பக்கக் கட்டுரைகளும் படமாகத்தான் இருந்தன. அப்படிப் போட்டது நான். எழுதியது நான் இல்லை.

*

2004. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன். அரசு உதவி பெறும் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். லேபில் ஆறு கம்ப்யூட்டர்கள், மூன்று ஓடும்.

அந்த வருஷம் பள்ளிகளுக்கான வலைத்தளப் போட்டி ஒன்றின் சுற்றறிக்கை வந்தது. மாதிரி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். 1996இல் அமெரிக்காவில் திங்க்குவெஸ்ட் என்றொரு போட்டி தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் அணியாகச் சேர்ந்து, ஓர் ஆசிரியரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் படித்துப் பயன்படுகிற மாதிரி ஒரு தளம் செய்ய வேண்டும். வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் முகம் பார்க்காமல் மின்னஞ்சலிலேயே பேசி ஒரே அணியாகக் கட்டலாம். அதுவரைக்கும் இணையம் என்றால் பெரியவர்கள் போட்டுவைத்ததைப் பிள்ளைகள் பார்ப்பது. பிள்ளைகளே போட்டுவைக்கலாம் என்று அந்தப் போட்டி சொன்னது. அதைப் பார்த்து ஊர் ஊருக்குக் குட்டிப் போட்டிகள் முளைத்தன. எங்களுக்கு வந்தது அப்படி ஒன்று.

விதிகள் ஒரே பக்கம்தான். மூன்று பேர். தலைப்பு உங்கள் மாவட்டத்தைப் பற்றி. தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். மொத்தம் ஒரு ஃபிளாப்பிக்குள் அடங்க வேண்டும். அணியில் ஒரு மாணவியாவது இருக்க வேண்டும்.

முதல் ஆள் நான். நோட்பேடில் எச்டிஎம்எல் எழுதத் தெரிந்த ஒரே ஆள் பள்ளியிலேயே நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் நடைபாதைக் கடையில் வாங்கிய ஒல்லிப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. ரெண்டாவது ஆள் நெட்டு. அவன் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார், அதனால் அந்தப் பட்டப்பெயர். மணிக்கு இருபது ரூபாய், எங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் இலவசம். மூன்றாவது ஆள் விதிக்காக.

அவளைச் சொன்னது சார். "அந்தப் பிள்ள தமிழ்ல நல்லா எழுதும்டா, சேத்துக்க." எங்கள் பள்ளியில் பையன்களும் பெண்களும் ஒரே வகுப்பில் உட்காருவோம், பேசிக்கொள்ள மாட்டோம். பேசினால் அன்று சாயங்காலத்துக்குள் கரும்பலகையில் ரெண்டு பெயரும் கூட்டல் குறியோடு ஏறிவிடும். அதனால் முதல் ஒரு வாரம் எல்லாச் செய்தியும் சார் வழியாகவே போனது.

தலைப்பு கண்மாய். அதுவும் அவள் சொன்னதுதான். நான் கீழடி மாதிரி ஏதாவது சொல்லியிருப்பேன் என்று இன்றைக்குச் சொன்னால் பொய். கீழடியில் அகழாய்வு தொடங்கியதே 2015இல். நான் சொன்னது செட்டிநாட்டு பங்களாக்கள். படம் அழகாக வரும் என்பதுதான் காரணம். அவள் சார் மூலம் சொல்லி அனுப்பினாள்: "பங்களாவப் பத்தி வெளியூர்க்காரங்களே எழுதுவாங்க."

*

அவள் தாத்தா ஒரு நீர்ப்பாய்ச்சி. கண்மாய்த் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் விடுவது என்று பார்த்துக்கொள்கிற ஆள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வயலிலிருந்தும் அவருக்கு நெல் வரும். நிலம் வைத்திருந்தவர்கள் வேறு, தண்ணீர் விட்டவர்கள் வேறு. தண்ணீர் விட்டவர்களின் தெரு ஊரில் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பதினாறு வயதில் நான் யோசித்ததில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

தாத்தா சொல்லச் சொல்ல நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டு வந்தாள். எட்டுப் பகுதிகள். கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் என்று கண்மாயின் உறுப்புகள் ஒன்று. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய, அடுத்த ஊர்க் கண்மாய் நிறையும் சங்கிலித் தொடர் ஒன்று. ராமநாதபுரம் பக்கத்து ராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று சொல்வார்கள், அது ஒன்று. மழைக்கு முன் ஊர்கூடித் தூர்வாரும் குடிமராமத்து. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு ஊரே இறங்குகிற மீன்பிடி. எட்டாவது பகுதி வெறும் சொற்கள். தாத்தா பேச்சில் வந்த கண்மாய்ச் சொற்கள் அறுபதோ எழுபதோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். உள்வாய், தலைமடை, கடைமடை மாதிரி சில சொற்கள் எனக்கும் தெரியும். மிச்சத்தை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமே. எனக்குத் தமிழ் டைப் தெரியாது. நெட்டுவின் அண்ணன் பக்கத்திலேயே கல்யாணப் பத்திரிகை டிடிபியும் செய்துகொண்டிருந்தார், அவருக்கு நேரமில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், தமிழ் லோயர். பரீட்சை முடிந்திருந்த சமயம். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுச் சென்டருக்கு மாற்றினாள். அவள் அம்மாவோ தம்பியோ வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். டிடிபி மெஷினில் டைப்ரைட்டர் விசைப்பலகை இருந்தது. அவள் தட்டுகிற வேகத்தைப் பார்த்து நெட்டுவின் அண்ணன், "பத்திரிகை சீசனுக்கு வந்துரு தாயி, சம்பளம் தாரேன்" என்றார்.

பதினைந்து நாளில் அவள் முடித்தாள். எனக்கு இன்னும் பொத்தான்கள் முடியவில்லை.

*

இந்த இடத்தில் கொஞ்சம் எழுத்துருக் கதை. இன்றைக்குப் போனில் தமிழ் தானாக வருகிறவர்களுக்கு இது புராணம் மாதிரி இருக்கும்.

அப்போது கம்ப்யூட்டரில் தமிழ் என்று ஒன்று கிடையாது, பல தமிழ்கள் உண்டு. ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் மேல்புள்ளி கீழ்ப்புள்ளிகளும் கலந்த குப்பை வரும். இணையக் குழுமங்களில் திஸ்கி ஓடியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. இன்னொரு பக்கம் யுனிகோட் வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு பெட்டியில் டிக் செய்து, சிடியைப் போட்டால் யுனிகோட் தமிழ் தெரியும். விண்டோஸ் 98இல் கட்டம் கட்டமாகத்தான் வரும். எங்கள் பள்ளி லேபில் இருந்தது 98. நடுவர்கள் எதில் பார்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நான் ஒரு முடிவெடுத்தேன். அவள் தட்டிய பக்கங்களை அப்படியே படமாக்கிவிடுவது. ஒவ்வொரு பகுதியும் ஒரு ஜிஃப் படம். எந்த மெஷினில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும். நெட்டு கைதட்டினான். சார் முதுகில் தட்டினார்.

அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்கு முந்தின நாள்தான் எக்ஸ்பி போட்ட மெஷினில் அவளுக்குக் கூகுளைக் காட்டியிருந்தேன்.

"இப்படிப் படமா போட்டா, தேடுனா வருமா?"

"ஜட்ஜுங்க தேட மாட்டாங்க. பாப்பாங்க" என்றேன்.

அவளிடம் நான் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முடிவு அன்றைக்குச் சரிதான். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். சரியில்லாதது வேறு. படத்தோடு 'ஆல்ட்' என்று ஒரு பண்பு கொடுக்கலாம், படம் தெரியாதபோது அதிலுள்ள சொற்கள் தெரியும். அது என் ஒல்லிப் புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் அன்றைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஆல்ட் கொடுத்தால், படத்தின் மேல் மவுஸ் போகும்போது மஞ்சள் கட்டம் ஒன்று எட்டிப் பார்க்கும். அது என் வடிவமைப்பைக் கெடுத்தது. எடுத்துவிட்டேன். அவள் தட்டிய மூலக் கோப்புகளையும் ஓரமாக ஒரு இணைப்பில் போட்டிருக்கலாம். ஃபிளாப்பியில் இடமில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். ஓடும் எழுத்துக்கும், நெருப்பு எரிகிற மாதிரி அசையும் கோட்டுக்கும் இடமிருந்தது.

அடியில் என் பெயரைப் போட்டேன். வடிவமைத்தது நான்தானே என்று.

*

இறுதிச் சுற்று சென்னையில், ஒரு பொறியியல் கல்லூரியில். மூன்று பேரும் வந்து விளக்க வேண்டும். ராத்திரி பஸ்ஸில் போய் மறுநாள் ராத்திரி பஸ்ஸில் திரும்புவது என்று சார் திட்டம் போட்டார். என்னைக் கூப்பிட்டு, "பொம்பளப் பிள்ளைய ராத்திரி பஸ்ல கூட்டிட்டுப் போகணும். அவங்கப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து சொல்லு. விட்டா டீச்சர் ஒருத்தரையும் கூப்பிட்டுக்கலாம்" என்றார்.

நான் கேட்கவில்லை. மறுநாள் காலை சாரிடம், "அவங்க வீட்ல விட மாட்டாங்களாம் சார்" என்றேன். அவளிடம் நெட்டு மூலமாக, "சார் ரெண்டு பேருக்குத்தான் டிக்கெட் போட்ருக்காராம்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு ரொம்ப நாள் ஒரு பதில் வைத்திருந்தேன். அவள் தெருவுக்குப் போய், அவள் வீட்டுக் கதவைத் தட்டி, அவள் அப்பாவிடம் பேசக் கூச்சம். ஊர் என்ன பேசும் என்கிற பயம். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. முழு உண்மை, மேடையில் அவள் இருந்தால் கேள்விகள் எல்லாம் அவளுக்குப் போகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

சென்னையில் எங்களுக்கு முன்னால் வந்த அணி யுனிகோடில் செய்திருந்தது. அங்கேயும் விண்டோஸ் 98. திரை முழுக்கக் கட்டங்கள். அந்தப் பையன் ஒருவன் கட்டங்களைக் காட்டிக் காட்டியே பத்து நிமிஷம் பேசினான். அடுத்து எங்கள் தளம் திறந்தது. தெளிவான தமிழ். அரங்கில் சத்தம் எழுந்தது. வயிற்றுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

"மூணாவது ஆள் எங்க?" என்று நடுவர் ஒருவர் கேட்டார். வயசானவர், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். "காய்ச்சல் சார்" என்றேன். அவர் நாலாவது பொத்தானை அழுத்தச் சொன்னார். குமிழித்தூம்பு. கொஞ்ச நேரம் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. நானே இவ்வளவு தெளிவா சொன்னதில்ல. சரி, தூம்புல ரெண்டு வகைத் துளை வச்சிருக்கான்ல, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எதுக்கு ரெண்டு?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் படம் 38 கேபி என்று தெரியும். பதினாறு நிறத்துக்குக் குறைத்திருந்தேன் என்று தெரியும். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. நான் எட்டுப் பக்கத்தில் ஒன்றைக்கூட முழுசாக வாசித்திருக்கவில்லை. விடை என் முதுகுக்குப் பின்னால் திரையில் பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மேலே இருப்பது நீரோடித் துளை, தெளிந்த தண்ணீர் போக. கீழே இருப்பது சேறோடித் துளை, அடியில் தங்கும் வண்டலைத் தண்ணீரோடு சேர்த்து வெளியே இழுக்க. வண்டல் வயலுக்குப் போகும், கண்மாய் மேடாகாது. கல்லூரியில் மூன்றாம் வருஷம் வேறு எதையோ படிக்கும்போது இது கண்ணில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் பரிசு. பள்ளிக்கு ஒரு பிரிண்டர், எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழ். அவள் சான்றிதழைச் சார் காலை வணக்கத்தில் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பொறியியல் கல்லூரியில், முதல் வேலையின் நேர்முகத்தில், "பள்ளியிலேயே ஒரு வெப்சைட் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி அந்தத் தளத்தை நான் நாலு வருஷம் தின்றேன்.

*

இணையத்தில் போட்டால் நிரந்தரம் என்று அப்போது நம்பினோம். அப்படி இல்லை. வீட்டுப் பக்கங்களுக்கு இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியது. எங்கள் போட்டிக்கு மூத்த அக்காவான திங்க்குவெஸ்ட்டைப் பிற்பாடு ஆரக்கிள் கல்வி அறக்கட்டளை நடத்தியது. பிள்ளைகள் செய்த ஆயிரக்கணக்கான தளங்களை ஒரு நூலகமாக வைத்திருந்தார்கள். 2013 ஜூலையில் அதுவும் நின்றது. முன்பின் பார்த்திராத பதினைந்து வயதுப் பிள்ளைகள் ராத்திரி முழித்துச் சேர்ந்து கட்டியவை. அவர்களுக்குள்ளும் ஒருவன் கோடு வரைந்திருப்பான், ஒருத்தி எழுதியிருப்பாள், ஒருவன் பெயரைப் போட்டுக்கொண்டிருப்பான்.

அந்த டிசம்பர் ராத்திரிக்குப் பிறகு பள்ளி வாட்ஸாப் குழுவில் கேட்டு அவள் எண்ணை வாங்கினேன். பக்கத்துத் தாலுகாவில் ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ரெண்டு நாள் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன்.

"சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா? சென்னைலயா, பெங்களூரா?"

'ங்க' போட்டுத்தான் பேசினாள். பிள்ளைகள், வேலை, நெட்டு துபாய் போனது எல்லாம் பேசினோம். வெள்ளைக் கட்டங்களைப் பற்றிச் சொன்னேன். அந்த நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது எங்க இருக்கப்போகுது. 2008ல தாத்தா தவறுனப்ப வீட்ட இடிச்சுக் கட்டுனோம்ல, அதுல போயிருக்கும்."

பிறகு பஸ் விஷயத்தைச் சொன்னேன். சார் கேட்கச் சொன்னது, நான் கேட்காமல் விட்டது, ரெண்டு பக்கமும் ரெண்டு பொய் சொன்னது. சொல்லி முடித்த பிறகு எதிர்முனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"எங்கப்பா சட்டையெல்லாம் தேச்சு வச்சிருந்தாரு" என்றாள். "அவரும் கூட வாரேன்னு. மெட்ராஸ அவரும் பாத்ததில்ல. டிக்கெட் இல்லைன்னு நெட்டு வந்து சொன்னதும், சரி சர்க்கார் காசு, அவங்க என்ன பண்ணுவாங்கன்னாரு. சட்டைய மடிச்சு உள்ள வச்சாரு."

நான் ஏதோ சொன்னேன். மன்னிப்பு என்கிற சொல் அதில் இருந்தது. அதை வாங்கிக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை, திருப்பிக் கொடுத்த மாதிரியும் தெரியவில்லை.

"அவரு இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்காரு. கண்ணுதான் சரியில்ல. இத அவர்ட்ட சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

இதைக் கட்டுரையாக எழுதலாமா என்று போன மாதம் கேட்டபோது, "எழுது. எம்பேரு வேணாம்" என்றாள். அதனால் இந்தக் கட்டுரையிலும் அவள் பெயர் இல்லை. இந்தத் தடவை கேட்டுவிட்டு எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் முதல் அழைப்புக்கும் இதற்கும் நடுவில் இன்னொன்று நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கப் போகும்போது, "அந்த எட்டாவது பக்கம், சொல்லெல்லாம் எழுதியிருந்தேன்ல" என்றாள். "கொஞ்சம் ஞாபகம் இருக்கு. எல்லாம் இல்ல. ஒரு முப்பது வரும்."

"சொல்லு, நான் டைப் பண்றேன்."

"இப்ப தமிழ் டைப் தெரியுமா உனக்கு?"

'ங்க' எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுகிறேன். அவள் ஒரு சொல் சொல்வாள், ஒரு வரி விளக்கம் சொல்வாள். சில நேரம் பக்கத்தில் அவள் அப்பா குரல் கேட்கும், "அப்படி இல்லத்தா, அது கடைமடைக்காரன் சொல்றது" என்று திருத்துவார். அவருக்கு யாரிடம் பேசுகிறாள் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. இருபத்தாறு சொற்கள் ஆகியிருக்கின்றன. சிலவற்றுக்கு அவர்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போகவில்லை, ரெண்டு விளக்கத்தையும் எழுதியிருக்கிறேன்.

போன வாரம், இதை ஒரு நல்ல பக்கமாக வடிவமைத்துத் தருகிறேன், கண்மாய்ப் படமெல்லாம் போட்டு, என்றேன். பழக்கம் விடவில்லை.

"அதெல்லாம் வேணாம்" என்றாள். "எழுத்தா போடு. யாராச்சும் தேடுனா வரட்டும்."